அப்பாவின் பெயரில் தொடங்கும் ஆல்பங்கள்: தமிழ் ராப் தலைமுறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ராப் எழுதுகிற, பாடுகிற, கேட்கிற தம்பி தங்கைகளுக்கு,



சென்ற மாதம் ஒரு கல்லூரி அரங்கில் உங்களில் சிலரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். உலக ராப்பில் யாரையெல்லாம் பிடிக்கும் என்று பேச்சு திரும்பியது. கெண்ட்ரிக், நாஸ், எமினெம், டூபாக் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எந்த ஆல்பம் எந்த ஆண்டு வந்தது, யார் வரிக்கு யார் பதில் கொடுத்தார், எந்த பீட் யாருடையது, எல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருந்தது. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம். பிறகு நான் ஈழத்துப் பாடகி எம்.ஐ.ஏ.வின் பெயரைச் சொன்னேன். அரங்கில் பேச்சு அடங்கியது. "துப்பாக்கிச் சத்தம் வர்ற பாட்டு பாடினவங்கதானே?" என்று ஒரு தங்கை கேட்டார். "ஏதோ பிரச்சினையில மாட்டினாங்களே அவங்கதானே?" என்றார் ஒரு தம்பி. அதற்கு மேல் யாரிடமும் சொல் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. நேரில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

குற்றம் உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. அவருடைய முதல் ஆல்பமான 'அருளர்' வெளிவந்த 2005இல்தான் உங்களில் பலர் பிறந்தீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்த நாங்கள்தான் அந்த ஆல்பங்களை உங்கள் கையில் கொடுக்கத் தவறினோம். அவரைப் பற்றித் தமிழில் நாங்கள் எழுதியதெல்லாம் சர்ச்சைச் செய்திகள். பாட்டைக் கேட்டு, பாட்டைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அந்தக் கடனை உங்களிடம் கைமாற்றிவிடும் எண்ணத்தோடு இதை எழுதவில்லை. உங்களோடு சேர்ந்து அடைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆல்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 2005இல் 'அருளர்'. 2007இல் 'கலா'. 2010இல் 'மாயா'. 2013இல் 'மாதங்கி'. 2016இல் 'எய்ம்'. 2022இல் 'மாதா'. ஆங்கிலப் பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதித்தான் இந்தப் பெயர்களைத் தம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கு எந்த விளக்கமும் வேண்டாம். அருளர் அப்பா. கலா அம்மா. மாயா என்பது வீட்டிலும் வெளியிலும் கூப்பிடும் பெயர். மாதங்கி முழுப்பெயர். மாதங்கி அருள்பிரகாசம் என்ற பெண் தன் ஆல்பங்களுக்கு வைத்த பெயர்கள் ரேஷன் கார்டில் வரும் வரிசையில் இருக்கின்றன. நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அவருடைய இசைத்தட்டுகளும் அப்படியே அப்பாவில் தொடங்கித் தன்னிடம் வந்து சேர்கின்றன. ஆனால் இடையில் நம் வழக்கம் விட்டுவிடுகிற ஒருவரை அவர் சேர்த்திருக்கிறார். அம்மாவின் பெயருக்கு முதலெழுத்தில் இடம் இல்லாத சமூகம் நம்முடையது. அவருடைய ஆல்பங்களிலேயே ஆகச் சிறந்தது அம்மா பெயரில் இருக்கிறது. இதை ஒரு தமிழர் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பார்கள்?

மேடைப்பெயரையும் பாருங்கள். எம்.ஐ.ஏ. என்பது ராணுவச் சொல். போரில் காணாமல் போனவர் என்று பொருள். லண்டனில் ஆக்டன் பகுதியில் வாழ்ந்த நாட்களில், யாழ்ப்பாணத்தில் காணாமல் போன தன் உறவுக்காரப் பையனைப் பற்றிய நினைவோடு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது கெட்டிக்காரத்தனமான சொல்விளையாட்டாகத் தெரியலாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் பதாகைக்கும் இந்தப் பாடகியின் பெயருக்கும் பொருள் ஒன்றுதான்.

அவர் 1975இல் லண்டனில் பிறந்து ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். அப்பா அருள்பிரகாசம் ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். எப்போதாவது வீட்டுக்கு வருவார். வரும்போது பிள்ளைகளிடம் மாமா என்றுதான் அறிமுகம். சொந்த அப்பாவை அப்பா என்று கூப்பிட முடியாத பிள்ளைப் பருவம் அது. இடையில் குடும்பம் சென்னைக்கு வந்து ஒரு பாழடைந்த வீட்டில் தங்கியிருந்தது. திரும்ப யாழ்ப்பாணம், பிறகு 1986இல் அகதியாக லண்டன். அம்மா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மிச்சம் என்ற பகுதியில் அரசுக் குடியிருப்பு. அங்கே வீட்டு ரேடியோவை யாரோ திருடிப் போன பிறகு, பக்கத்து வீட்டுப் பையனின் அறையிலிருந்து சுவரைத் தாண்டி வந்த ஹிப் ஹாப்பைத்தான் இந்தச் சிறுமி கேட்டாள். ராப் உங்களில் பலருக்கு வந்தது யூடியூப் வழியாக. அவருக்கு வந்தது சுவர் வழியாக.

இப்போது 'அருளர்' ஆல்பத்துக்கு வாருங்கள். படம் வரையப் படித்தவர் அவர். சங்கீதம் படித்தவர் இல்லை. இலாஸ்டிகா என்ற ராக் குழுவுக்கு அட்டைப்படம் வரைந்து, அவர்களுடைய சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கக் கூடப் போனார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி. 505 என்ற பீட் எந்திரத்தைக் காட்டினார். இலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தன்னிடமிருந்த எந்திரத்தை இரவல் கொடுத்தார். படுக்கையறையில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவைதான் முதல் பாட்டுகள். 'கலாங்' 2003இல் முதன்முதலாக வெளிவந்தபோது அச்சிட்டது 500 பிரதி. ஸ்டூடியோ இல்லை, நல்ல மைக் இல்லை, தயாரிப்பாளர் இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதும் உங்களுக்காகவே இந்த எண்ணைச் சொல்கிறேன். உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலி அந்தப் பெட்டியைவிடப் பலமடங்கு வசதியானது. அவரிடம் இருந்தது சொல்வதற்கு ஒரு விஷயம், அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற பதைப்பு, அவ்வளவே.

ஆல்பத்துக்கு அப்பா பெயரை வைத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்னை இன்றும் உலுக்குகிறது. அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவர் என்றாவது இணையத்தில் தன் பெயரைத் தேடினால் மகளின் ஆல்பம் வந்து நிற்கட்டும் என்று நினைத்தாராம். அப்பாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, ஆல்பத்தின் பெயரை மாற்றச் சொல்லி. மகள் மாற்றவில்லை. அந்த ஆல்பம் அப்பாவுக்குப் போட்ட மாலை இல்லை. கூட இல்லாத அப்பாவிடம் மகள் போடும் சண்டை. அது தெரிந்து கேட்டால் அந்தக் குத்தலான, அவசரமான, சிரித்துக்கொண்டே திட்டுகிற குரல் வேறு மாதிரிக் கேட்கும்.

அந்த அப்பா எழுத்தாளரும்கூட என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1977 கலவரத்தில் விரட்டப்பட்ட தமிழர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வடக்கே போன கப்பலைக் களமாக வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர் அருளர். 2015இல் மகள் 'பார்டர்ஸ்' பாட்டுக்கு எடுத்த காணொளியில் முள்வேலி ஏறுகிறவர்களும் படகு நிறைய அகதிகளும். தகப்பன் தமிழில் கப்பலை எழுதினார், ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து மகள் ஆங்கிலத்தில் படகைப் பாடினார். இந்தக் கோட்டை இழுத்துக் காட்ட நியூயார்க் விமர்சகரால் முடியாது. தமிழ் படிக்கத் தெரிந்தவரால்தான் முடியும். நாம் அதைச் செய்யாததால் என்ன ஆயிற்று? மேற்குப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் அருளரை விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது ஈழத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒரு பிழையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் ஒவ்வொரு பேட்டியிலும் நீ பயங்கரவாதியா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

'அருளர்' வருவதற்கு முன்பே, 2004 டிசம்பரில், டிப்ளோ என்ற டிஜேயோடு சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டார். அடுத்தவர் பாட்டுகளை அனுமதி கேட்காமல் வெட்டி ஒட்டிய அதற்கு, திருட்டுப் பதிவு பயங்கரவாதத்துக்குப் பணம் தருகிறது என்று பொருள்படும் பெயர். பர்மா பஜாரில் திருட்டு விசிடி வாங்கி உலகப்படம் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தத் தலைப்பின் குத்தல் உடனே புரிந்தது. காசு இல்லாதவன் கலையைத் தொட வேறு வழி என்ன என்ற கேள்வி அதில் இருக்கிறது.

அடுத்ததுதான் நான் உங்களிடம் நின்று நிதானமாகச் சொல்ல விரும்பும் ஆல்பம். 'கலா'.

2006இல் அவர் அமெரிக்காவில் தங்கி, டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளரோடு அடுத்த ஆல்பத்தைச் செய்வதாக இருந்தது. அமெரிக்கா விசா தரவில்லை. கதவு சாத்தியதும் அவர் உலகத்தின் மறுபக்கம் நடந்தார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போகிற இடத்திலெல்லாம் பதிவு செய்தார். நைஜீரிய வேர் கொண்ட லண்டன் ராப் பாடகர் ஆஃப்ரிகன் பாய் ஒரு பாட்டில் வருகிறார். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களான வில்கேனியா மாப் குழுவினர் இன்னொரு பாட்டில் மீன்பிடிப்பதைப் பற்றி ராப் செய்கிறார்கள். பாப்பி லகரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' படத்து 'ஜிம்மி' பாட்டைச் சின்ன வயதில் விருந்துகளில் ஆடியவர், இங்கே அதையே தன் குரலில் பாடியிருக்கிறார். ஒரு நாட்டின் விசா அதிகாரி மறுத்ததால் பிறந்த ஆல்பம் அது. அதை ஒரு தடவையாவது அந்த நினைவோடு கேளுங்கள்.

முதல் பாட்டைப் போடுங்கள். 'பேம்பூ பங்கா'. அதற்குள் இருந்து எழும்புவது 'தளபதி'. 1991இல் இளையராஜா இசையமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துணுக்கு. பொங்கலுக்குப் பொங்கல் நம் தெருக்களில் ஒலிபெருக்கியில் கேட்கிற அதே பாட்டு. ராஜா பாட்டை ஒரு வெளிநாட்டுக்காரர் சாம்பிள் செய்துவிட்டார் என்றால் நாம் ரீல்ஸ் போட்டுக் கொண்டாடுகிறோம். ஓர் ஈழத்துப் பெண் அதை உலகம் கேட்ட ஆல்பத்தின் வாசற்படியாக வைத்தார். நமக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது, மூன்றாவது பாட்டுகள் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்'. அவற்றின் அடியில் ஓடுகிற மேளம் எது என்று காதை வைத்துக் கேளுங்கள். உறுமி. ஒரு பக்கத்தோலை அடித்து, மறுபக்கத்தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைக்கிற நம் உறுமி. சாவு வீட்டிலும் அம்மன் கோயில் கொடையிலும் கேட்கிற, கானாப் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற உறுமி. 2006இல் சென்னைக்கு வந்து, கோடம்பாக்கத்தில், ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில், நம் ஊர் மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்த சத்தம் அது. சின்னப் பிள்ளையாக அகதியைப் போல ஒண்டியிருந்த ஊருக்குத் திரும்பி வந்து அவர் கேட்டது வீணையையோ மிருதங்கத்தையோ இல்லை. நம் ஊரில் சபாவின் வாசலைக் கூடத் தாண்ட விடாத மேளத்தைக் கேட்டார். அதை நியூயார்க், லண்டன், டோக்கியோ நடன அரங்குகளில் கொண்டுபோய் முழக்கினார்.

தம்பி தங்கைகளே, இங்கேதான் என் மனத்தாங்கல் ஆழமாக இருக்கிறது. அதே 2006இல் மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' என்ற தமிழ் ராப் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதைக் கொண்டாடினோம், சரியாகவே செய்தோம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் தோளோடு தோள் நின்றதைப் பார்த்துப் பூரித்தோம். நானும் பூரித்தேன். ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்பாகவே நம் மேளமும் ராப்பும் உலகத்தின் காதில் சேர்ந்து ஒலித்திருக்கின்றன என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த மேளத்தை அடித்தவர்கள் யார்? அவர்கள் பெயர் என்ன? சென்னையில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? இப்போதும் வாசிக்கிறார்களா? பாட்டுக்கு என்ன கூலி கிடைத்தது? தாங்கள் அடித்த அடி எங்கெல்லாம் போனது என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா? உங்களில் யாராவது ஒருவர் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியுமா?

நீங்கள் அறிந்த அந்தத் துப்பாக்கிச் சத்தப் பாட்டும் இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்'. 1982இல் தி கிளாஷ் குழு குடியேறிகளின் அவலத்தைப் பாடிய ஒரு பாட்டிலிருந்து அதன் மெட்டுத் துணுக்கு வந்தது. விசாவுக்காக அலைந்தவர், குடியேறி என்றாலே பணம் பறிக்க வந்தவர் என்று பார்க்கும் கண்ணை அந்தக் கண்ணுக்கே திருப்பிக் காட்டிய பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மழுங்கடித்து ஒளிபரப்பின. 2008இல் அது பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. அந்தப் பாட்டு பெரிய பாட்டுதான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு 'கலா'வைக் கேட்டதாகச் சொல்வது, வாசற்கோலத்தைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்வது போல.

2009 பிப்ரவரியை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். உங்களில் பலர் அப்போது பாலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். ஈழத்தின் இறுதிப் போரில், வன்னியில் சனங்கள் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் நாங்கள் தெருவில் நின்றோம். பிப்ரவரி 8ஆம் தேதி கிராமி மேடையில் மாயா ஒன்பது மாத வயிற்றோடு பாடினார். மருத்துவர் குறித்த பிரசவ நாளே அன்றுதான். அந்த வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சொன்ன பிரபலமான குரல் அநேகமாக அவருடையது மட்டும்தான். இரண்டு வாரம் கழித்து ஆஸ்கர். ரகுமானுக்கு இரண்டு விருதுகள். தமிழ்நாடே வெடி வெடித்தது. அன்றைக்கு அதே 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஓ சாயா' என்ற இன்னொரு பாட்டும் விருதுப் பரிந்துரையில் இருந்தது. அதில் ரகுமானின் பெயருக்குப் பக்கத்தில் மாயா அருள்பிரகாசம் என்ற பெயரும் இருந்தது. ஆஸ்கர் பட்டியலில் ஒரே வரியில் இரண்டு தமிழ்ப் பெயர்கள். ஒன்றை மட்டுமே நாம் படித்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதன் பிறகு வந்த 'மாயா' கரடுமுரடான ஆல்பம். எந்திரம் அறுக்கிற சத்தமும் இரைச்சலுமாக இருக்கும். வந்த புதிதில் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இணையம், கூகுள், அரசாங்கம் எல்லாம் ஓர் உடம்பின் எலும்புகளைப் போலக் கோத்திருக்கின்றன என்று சொல்கிற அதன் முதல் துண்டைப் பார்த்து, இது வீண் பிரமை என்று எழுதினார்கள். 2013இல் எட்வர்ட் ஸ்நோடன் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பு பற்றிய ஆவணங்களை வெளியிட்ட பிறகு அந்த எழுத்துகளை எடுத்துப் படித்தால் யார் பிரமையில் இருந்தார்கள் என்று தெரியும். அதே ஆல்பத்தின் 'பார்ன் ஃப்ரீ' பாட்டுக்கு ரொமாய்ன் காவ்ராஸ் எடுத்த குறும்படம் 2010 ஏப்ரலில் வந்தது. செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் படையினர் வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றி, வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். யூடியூப் அதற்குத் தடை போட்டது. அதிர்ச்சிக்காக எடுத்த படம் என்று ஏசினார்கள். அதற்கு எட்டு மாதம் முன்புதான், 2009 ஆகஸ்டில், பிரிட்டனின் சேனல் 4 நம்மவர்களைக் கண்ணைக் கட்டி நிர்வாணமாக உட்கார வைத்துச் சுடும் காட்சியை ஒளிபரப்பியிருந்தது. அதைப் பார்த்த தமிழர் எவருக்கும் அந்தப் படத்தில் செம்பட்டை முடிக்கு என்ன பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகம் நம் பிள்ளைகளுக்காக அழவில்லை. தன் பிள்ளைகளின் முகத்தைக் காட்டினால் அழுகிறதா பார்ப்போம் என்று அவர் கேட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். 2010இன் கடைசி நாளில் 'விக்கி லீக்ஸ்' என்ற மிக்ஸ்டேப்பை இலவசமாகவே கொடுத்தார். முப்பத்தாறு நிமிடம், ஒரே மூச்சில் கேட்கலாம். 'பேட் கேர்ள்ஸ்' பாட்டு அதில்தான் முதலில் வந்தது. 'மாதங்கி' இசைத்தட்டு நிறுவனத்தின் இழுத்தடிப்பில் சிக்கித் தாமதமாக வந்த ஆல்பம். சேரிப்பகுதியில் வாழ்ந்த தேவியின் பெயரைத் தன் பெயராகக் கொண்டவர் அந்தப் பெயரோடு பேசுவது எனக்கு மிகவும் பிடிக்கும். 'எய்ம்' என்பது எம்.ஐ.ஏ.வைத் தலைகீழாக எழுதியது. அதில் 'பார்டர்ஸ்' தவிர மற்றவை எனக்கு ஒட்டவில்லை. 'மாதா'வில் 'புத்தி' என்ற தமிழ்ப் பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. ஆல்பம் முழுக்க ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஆங்கிலத்தில் பாடுகிறவர், நமக்கு எப்படிச் சொந்தம் என்பீர்கள். பதினோரு வயதில் அகதியாகப் போய், வகுப்பில் பேச மொழி இல்லாமல் உட்கார்ந்த ஒரு பிள்ளை, அந்த ஊர் மொழியைக் கற்று அதிலேயே தன் வீட்டுக் கதையைச் சொன்னால் அந்தக் கதை வேறு வீட்டுக் கதையாகிவிடுமா? அவர் அண்மைக்காலத்தில் தடுப்பூசி பற்றியும் அரசியல் பற்றியும் சொன்னவற்றைக் காட்டுவீர்கள். அவற்றில் பலவற்றை நானும் ஏற்கவில்லை; தடுப்பூசி விஷயத்தில் அவர் சொன்னது தவறு என்றே நினைக்கிறேன். அதற்காக 2007இல் உறுமி உறுமியது பொய்யாகிவிடாது. நாஸிடமும் கான்யே வெஸ்டிடமும் பாட்டை வேறு, பேச்சை வேறு என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை இந்தப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆண் தவறினால் மேதையின் கிறுக்கு, பெண் தவறினால் ஆளே வேண்டாம் என்ற தராசு நம் வீடுகளிலேயே போதுமான அளவு இருக்கிறது. உங்கள் இசை அதைச் சுமக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்த அம்மா கலா லண்டனில் செய்த தையல் வேலைகளில், பிரிட்டிஷ் அரண்மனை வழங்கும் பதக்கங்களுக்குக் கையால் தைப்பதும் ஒன்று. எம்.பி.இ. என்ற அந்தப் பதக்கம் 2020இல் மகளுக்கே வழங்கப்பட்டபோது, அம்மாவின் அந்தக் கைவேலையை மதித்து வாங்கிக்கொள்வதாக மகள் சொன்னார். அவருடைய பாட்டுகளில் உழைக்கிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உங்களிடம் என் கோரிக்கைகள் பெரியவை இல்லை. நீங்கள் இப்போது தனிப்பாட்டுகளின் காலத்தில் இருக்கிறீர்கள். ஒரு பாட்டு, ஒரு காணொளி, முப்பது நொடி ரீல், அடுத்த பாட்டு. அதில் தவறில்லை. ஆனால் ஒரு வார இறுதியில் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, 'அருளர்', 'கலா', 'மாயா' மூன்றையும் வந்த வரிசையில், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, எதையும் தாண்டாமல் கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கேட்ட பிறகு ஏதாவது ஒரு பாட்டைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று தமிழில் இருக்கட்டும். நாளை ஒரு பிள்ளை தமிழில் தேடினால் கிடைப்பது சர்ச்சைச் செய்தியாக மட்டும் இருக்கக் கூடாது. ஈழத்திலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கிறவர்கள் 'லங்கா ராணி'யைத் தேடிப் படித்துவிட்டு 'பார்டர்ஸ்' கேளுங்கள். என்னைவிட நன்றாக உங்களால் அந்தக் கதையை எழுத முடியும்.

சென்னையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை தனியாக இருக்கிறது. 2006இல் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் மாயாவுக்காக உறுமி அடித்தவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். உங்கள் கானா நண்பர்களைக் கேளுங்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் மேளம் அடிக்கிற அண்ணன்மாரைக் கேளுங்கள். கோடம்பாக்கத்தில் மேளக்காரர்களுக்கு வேலை சொல்லி அனுப்புகிற ஒருங்கிணைப்பாளர்களைக் கேளுங்கள். கண்டுபிடித்ததும் அவர்கள் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, அந்த இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டுங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, என்ன அடி கேட்டார், எவ்வளவு நேரம் வாசித்தீர்கள், சாப்பாடு போட்டார்களா, எல்லாவற்றையும் கேட்டு அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பெயரை முழுதாக எழுதுங்கள். அப்பா பெயரோடும் அம்மா பெயரோடும் எழுதுங்கள்.

அந்தப் பதிவு நடந்து இருபது ஆண்டு ஆகிறது. அன்று நாற்பது வயதில் மேளம் தூக்கியவருக்கு இன்று அறுபது. இந்த ஆண்டே போங்கள்.

அன்போடு,
உங்கள் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒருவர்